வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது

(அன்றாட வாழ்வில் நன்றியும் நம்பிக்கையும் என்ற பொருளில் தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் பெரிய பெரிய நிகழ்ச்சிகளே நினைவுக்கு வரும். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விபத்தில் உயிர் தப்பியது. இப்படிப்பட்ட நேரத்தில் கடவுளுக்கு நன்றி சொல்ல யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. கைகள் தாமாகவே கூப்பிக்கொள்ளும். ஆனால் சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு பத்திரமாக வீடு திரும்புகிறோமே என்று யார் கை கூப்புகிறார்கள்? அது ஒரு செய்தியா? அதற்கெல்லாமா சாமியைக் கூப்பிடுவது? இன்றைய பேச்சு அந்தச் சின்ன விஷயத்தைப் பற்றியதுதான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மலாக்கா பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய தாத்தா. அலுவலகத்தில் வேலை செய்யும் மகள். பத்து வயதுப் பேரன். ஆண்டின் நடுப்பகுதி. பழக்காலம். டுரியானும் ரம்புத்தானும் சாலையோரம் குவிந்து கிடக்கின்றன. வெயில் மண்டையைப் பிளக்கிறது. தாத்தாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை எடுக்க வேண்டும், காடிக்குக் காற்று அடிக்க வேண்டும், வீட்டுக்குச் சாமான் வாங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஜாசின் வழியாக ஆசகான் பக்கம் போய், தாத்தா பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலில் ஒரு மாலை சாத்திவிட்டு வர வேண்டும். இவ்வளவுதான் அன்றைய வேலை.

தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் ஒரு முனீஸ்வரர் கோயில். நான்கு தூண், ஒரு தகரக் கூரை, ஒரு சூலம். தாத்தா சொல்கிறார்: "ஏம்மா, வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்தும்மா."

"வெயிலு ஏறுதுப்பா, வரும்போது பார்த்துக்கலாமே."

"வரும்போது வேற, போகும்போது வேற. நிறுத்தும்மா."

அவர் இறங்கிச் சூடம் ஏற்றுகிறார். பேரன் கேட்கிறான்: "தாத்தா, சும்மா கடைக்குப் போயிட்டு வர்றோம். இதுக்குப் போயி எதுக்குச் சாமி கும்பிடணும்?"

நேயர்களே, இது பத்து வயதுப் பையனின் கேள்வி மட்டுமன்று. படித்தவர்களின் கேள்வியும் இதுதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வீடு திரும்புவதே பெரிது

மலேசியாவில் இரப்பர் ஒரு பயிராக, வியாபாரமாக முதலில் காலூன்றியது மலாக்கா மண்ணில்தான். 1896-இல் தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, இரப்பர் நடுங்கள் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்த காலம் அது. பலர் அவரைக் கேலி செய்தார்கள். சாய் யான் நம்பினார். அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் அதைவிடப் பல மடங்கு பெரிய தோட்டம் எழுந்தது. மரத்தை நடலாம். பால் எடுக்க ஆள் வேண்டுமே? தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறி ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை தொடர்ந்தது.

அந்த மக்களின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் இறங்க வேண்டும். ஏன் இருட்டிலேயே? குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். ஆகவே மரத்தின் நேரம்தான் மனிதனின் நேரம். இலைச் சருகுக்குள் என்ன கிடக்கிறதென்று தெரியாது. பாம்பு கடிக்கலாம், பூரான் கொட்டலாம். தூங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போன தாய், பால் வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்து நிறுத்துப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் லயத்துக்குத் திரும்பினால், அது அன்றைக்கு ஒரு வெற்றி.

அப்படிப்பட்டவர்கள் தோட்டத்து எல்லையில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்று பெயர் வைத்தார்கள். போகும்போது ஒரு கும்பிடு. திரும்பும்போது ஒரு கும்பிடு. போகும்போது கும்பிடுவது நம்பிக்கை. திரும்பும்போது கும்பிடுவது நன்றி. அதைத்தான் தாத்தா, வரும்போது வேறு, போகும்போது வேறு என்கிறார். அவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. வீடு திரும்புவது உறுதியில்லாத ஒரு தலைமுறையிடம் கற்றுக்கொண்ட பழக்கத்தைச் சொல்கிறார்.

இந்தக் காலத்தில் வீடு திரும்புவது உறுதியாகிவிட்டதா? செய்தித்தாளின் உள்பக்கங்களைப் புரட்டுகிறவர்களுக்கு அதற்குப் பதில் தெரியும். பாம்பு இருந்த இடத்தில் லாரி வந்திருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

மழை வேண்டும், மழை வேண்டாம்

நன்றியைப் பற்றிப் பேசும்போது ஒரு சிக்கல் வரும். கேட்டது கிடைத்தால் நன்றி. கிடைக்காவிட்டால்?

தோட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சிக்கல். விடியற்காலை மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும். வெட்டுக் கோட்டில் ஓட வேண்டிய பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். மங்கில் மழைத்தண்ணீர் நிற்கும். வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ஆகவே பால் வெட்டுகிறவர் வேண்டிக்கொண்டது, "சாமி, மத்தியானம் வரைக்கும் மழை வேண்டாம்" என்று. அதே தோட்டத்தில் லயத்துப் பின்னால் காய்கறி போட்டிருந்த கிழவி வேண்டிக்கொண்டது, "சாமி, ஒரு மழை கொடு" என்று. ஒரே கோயில், ஒரே சாமி, ஒரே நாள். இரண்டு வேண்டுதலையும் எப்படி நிறைவேற்றுவது?

மலாக்காக்காரர்களுக்கு 1991 நினைவிருக்கும். டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டது. தளும்பிய இடத்தில் வெடித்த சேறு தெரிந்தது. குழாயில் தண்ணீர் முறைவைத்து வந்தது. வாளியும் தொட்டியுமாக மக்கள் காத்துக் கிடந்தார்கள். அதன் பிறகு ஜாசின் மாவட்டத்தில் ஜூஸ் அணை எழுந்தது. அண்டை மாநிலமான ஜொகூரின் மூவார் ஆற்று நீரும் மலாக்காவுக்குத் துணை செய்கிறது. அப்படியிருந்தும் 2020 ஜனவரியில் மறுபடியும் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அந்த நாள்களில் ஒரு வாளித் தண்ணீரில் முகம் கழுவி, அதே தண்ணீரைச் செடிக்கு ஊற்றிய வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்கள் சொல்வார்கள்.

ஆனால் தண்ணீர் வந்து ஒரு மாதம் ஆன பிறகு? காடியைக் கழுவக் குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார்கள். மனிதனின் நன்றிக்கு ஆயுள் ஒரு மாதம்தான் போலிருக்கிறது.

ஆகவே, கேட்டது கிடைத்தால்தான் நன்றி என்று வைத்துக்கொண்டால் அது நன்றி ஆகாது. அது கடைக்காரரிடம் ரசீது வாங்குவது போன்றது. மழை பெய்து கூலி போன நாளிலும் அந்தப் பால் வெட்டுக்காரர் மாலையில் விளக்கேற்றினார். ஏன்? கிழவியின் செடி பிழைத்தது அல்லவா? தன் வேண்டுதல் தோற்ற நாளில் அடுத்த வீட்டு வேண்டுதல் வென்றிருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. பக்தி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த மேடையிலும் கிடைக்காது.

எலுமிச்சம்பழமும் எண்ணெய் மிதியும்

புதுக் காடி வாங்கினால் முதலில் எங்கே ஓட்டிப்போகிறார்கள்? கோயிலுக்கு. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது வண்டி. நல்ல பழக்கம். வண்டி என்பது வெறும் இரும்பல்ல, அதை நம்பி உயிர்கள் ஏறுகின்றன என்று நினைவுபடுத்தும் பழக்கம்.

அதே ஆள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோவில் ஏறி, சிம்பாங் அம்பாட்டை எத்தனை நிமிடத்தில் தொட்டேன் பார் என்று நண்பர்களிடம் பெருமை பேசுகிறார். இடைவார் போடுவதில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். கேட்டால், "முனியாண்டி பார்த்துக்குவாரு" என்கிறார்.

நேயர்களே, முனியாண்டி காவல் தெய்வம். காவல்காரரை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாமா? காவல்காரருக்குச் செய்யும் மரியாதை, கதவைப் பூட்டிக்கொள்வது. தெய்வத்தை நம்புகிறவர் மெதுவாக ஓட்டுவார். கிடைத்ததை மதிப்பவர் அதைப் பணயம் வைக்க மாட்டார். உயிருக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த உயிரைச் சூதாட்டத்தில் வைப்பது எந்தச் சமயத்திலும் பக்தி ஆகாது. எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு. எண்ணெய் மிதியின் மேல் இருக்கும் காலுக்கு வேண்டியது அடக்கம்.

இன்னொன்றும் உண்டு. சாலையில் விபத்து நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் கிடக்கிறார். வண்டிகள் மெதுவாகக் கடக்கின்றன. "நல்லவேளை, கடவுள் காப்பாத்தினார், நாம தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டே சிலர் போகிறார்கள். அப்படியானால் கிடக்கிறவரைக் கடவுள் கைவிட்டுவிட்டாரா? அந்த இடத்தில் சொல்ல வேண்டிய நன்றி வாயால் சொல்வதன்று. வண்டியை நிறுத்தி ஆம்புலன்சைக் கூப்பிடுவதுதான் அந்த நன்றி.

மொழி போனது, நன்றி போகவில்லை

மலாக்காவில் இந்தப் பொருளைப் பற்றிப் பேசிவிட்டுக் காஜா பெராங்கைக் குறிப்பிடாமல் போக முடியாது. அங்கே கம்போங் செட்டியில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் சோழ மண்டலக் கரையிலிருந்து வாணிகம் செய்ய வந்து, இங்கேயே மணம் செய்துகொண்டு தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். உடை மலாய்க்காரர்களைப் போல. வீட்டில் பேசும் மொழி மலாய். தமிழ் அவர்கள் நாவை விட்டுப் போய்ப் பல தலைமுறை ஆகிறது. ஆனால் சைவம் போகவில்லை.

ஜாலான் துக்காங் எமாசில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. டச்சுக்காரர்கள் செட்டி சமூகத்தின் தலைவருக்குக் கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டது. பின்னாளில் நிர்வாகம் நகரத்தார் கைக்கு வந்தது. அதே வீதியில் சில எட்டு நடந்தால் 1748-இல் தொடங்கிய கம்போங் கிலிங் பள்ளிவாசல். இன்னும் சில எட்டில் அவற்றைவிடப் பழைய செங் ஹூன் தெங் சீனக் கோயில். யுனெஸ்கோ 2008-இல் மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது உலகம் இந்த வீதியைத் திரும்பிப் பார்த்தது.

செட்டி மக்களின் வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை முன்னோருக்குப் படையல் உண்டு. ஒன்று பொங்கலுக்கு முன்நாள், போகி பராச்சு. மற்றொன்று இப்படிப்பட்ட பழக்காலத்தில், ஜூன் ஜூலை வாக்கில், பராச்சு புவா புவாஹான். மாம்பழம், பலா, ரம்புத்தான், மங்குஸ்தான், டுரியான் என்று பருவத்தில் பழுத்தவற்றை வாழையிலையில் வைத்து, இறந்துபோன தாத்தா பாட்டிகளுக்கு முதலில் படைக்கிறார்கள். அதன் பிறகுதான் உயிரோடு இருப்பவர்களுக்கு. அந்த மரத்தை நட்டவர் சாப்பிடாமல் போயிருக்கலாம். பழுத்தது அவருடைய உழைப்பு. ஆகவே முதல் பழம் அவருக்கு.

மே மாதத்தில் அவர்களுடைய மாரியம்மன் கோயிலில் டத்தோ சாச்சார் திருவிழா. சாச்சார் என்றால் அம்மை. அம்மை நோய் வந்து ஊரே நடுங்கிய காலத்தில் தாயிடம் வேண்டிக்கொண்டார்கள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. நோய் போய்விட்டது. ஆனால் நேர்த்திக்கடன் நிற்கவில்லை. பயம் போன பிறகும் நிற்கும் நன்றிதான் நன்றி. பயத்தில் கும்பிட்டவர்கள் பயம் தீர்ந்ததும் மறந்திருப்பார்கள். இவர்கள் மறக்கவில்லை.

பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊர் ஊராகப் போய்க் குத்தியவர்களுக்கும் நன்றி சொல்வது அம்மனுக்குச் செய்யும் குறையாகாது. தாய் பிள்ளைக்கு உதவியவரைக் கண்டு கோபிப்பாளா?

மொழி இழந்த மக்கள் நன்றியைக் காத்திருக்கிறார்கள். மொழி இருக்கிற மக்கள், பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பெயரையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சைக்கிளிலிருந்து இறங்கியவர்கள்

இனி, மிக முக்கியமான ஒரு மறுப்புக்கு வருவோம். சில இளைஞர்கள் கோபமாகக் கேட்கிறார்கள்: "நன்றி நன்றி என்று சொல்லிச் சொல்லித்தானே இந்தச் சமுதாயத்தை அடக்கி வைத்தார்கள்? துரைக்கு நன்றி, கிராணிக்கு நன்றி, கங்காணிக்கு நன்றி. நன்றி சொல்லிக் குனிந்த முதுகு நிமிரவே இல்லையே?"

நியாயமான கோபம். ஒரு காலத்தில் தோட்டத்துச் சாலையில் தமிழன் சைக்கிளில் வரும்போது துரை எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தம் மூண்டது. அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி இருந்தது. அவற்றோடு இதுவும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம்.

நன்றி வேறு, அடிமை விசுவாசம் வேறு. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11-ஆம் அதிகாரம். அதை அடுத்து வருவது நடுவு நிலைமை. ஏன் இந்த வரிசை? நன்றி செய்தவரை நினைக்கும்போது நியாயம் சாய்ந்துவிடக்கூடும், அங்கேயும் சாயக்கூடாது என்பதற்காகவே அடுத்து வைக்கப்பட்டது என்கிறார் பரிமேலழகர். எவ்வளவு பெரிய எச்சரிக்கை! சோறு போட்டவர் என்பதற்காக அவர் செய்யும் அநியாயத்துக்குத் தலையாட்டுவது நன்றியில் சேராது. உரிமையைக் கேட்பதும் நன்றிகேட்டில் சேராது.

இப்போது அந்த முச்சந்திக்குத் திரும்பி வாருங்கள். எந்தச் சாலையில் பாட்டன் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றாரோ, அதைப் போன்ற ஒரு சாலையில் பேத்தி சொந்தக் காடியை ஓட்டிவருகிறாள். எந்தத் துரைக்காகவும் அவள் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு தகரக் கூரைக் கோயிலுக்கு முன்னால் தானாக நிறுத்துகிறாள். கட்டாயத்தால் இறங்கியதற்கும் மனத்தால் இறங்குவதற்கும் உள்ள தூரம்தான் இந்தச் சமுதாயம் கடந்துவந்த தூரம். அவள் அங்கே இறங்கும்போது தெய்வத்துக்கு மட்டும் இறங்கவில்லை. இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான் இறங்குகிறாள்.

தண்டவாளம் போன வழி

நன்றி தெய்வத்தோடு நின்றுவிட்டால் பாதிதான். மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தால்தான் முழுமை.

பூலாவ் செபாங்கில் இருக்கும் தம்பின் நிலையத்திலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு ஒரு காலத்தில் இரயில் ஓடியது. 1905-இல் ஓடத் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் மட்டுமா போனது? மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை. காலராவும் பசியும் அடியும் தின்றது போக மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள். திரும்பாதவர்களில் பலருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. தம்பின் பக்கம் காடியில் போகிறவர்கள், வெயிலைத் திட்டாமல் அவர்களை ஒரு நிமிடம் நினைக்கலாம். அதற்குச் சூடம்கூட வேண்டாம்.

நாடு விடுதலை அடைந்த பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தை விட்டு எங்கே போவதென்று தெரியாமல் குடும்பங்கள் நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அந்தப் பத்து வெள்ளி, ஒட்டுப்பால் பொறுக்கிய கைகளிலிருந்து வந்தது. தலைவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பத்து வெள்ளி கொடுத்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும்.

இன்று அதே நிலத்தில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாத ஊர், கடனை வாங்கிக் கடல் கடந்த பயணம், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம், இரவில் பிள்ளை ஞாபகம். இந்தக் கதையை எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? பாட்டனின் கதை அது. கடையில் வரிசையில் நிற்கும் அந்தத் தொழிலாளியை முறைத்துப் பார்க்கிறவர், பாட்டனை முறைத்துப் பார்க்கிறார். அவரிடம் ஒரு புன்னகை, வெயிலில் நடந்துபோனால் ஒரு புட்டித் தண்ணீர். முன்னோருக்குச் செய்யும் படையல் அதுவும்தான்.

பாத்திரம்

தோட்டத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால், அந்தக் கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லையென்றாலும் ஒரு கரண்டிச் சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். நன்றி என்ற சொல்லை அவர்கள் வாயால் சொல்லிப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழர் வீடுகளில் அந்தச் சொல் மேடைக்கு உரியது. வீட்டுக்குள் அது சீனியாக, கருவேப்பிலையாக, நான்கு ரம்புத்தான் பழமாகத்தான் நடமாடியது. "வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது" என்பார்கள்.

நேயர்களே, ஒவ்வொரு நாளும் ஒரு பாத்திரம் நிறைந்து வருகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. வண்டி புறப்படுகிறது. மாத்திரை கிடைக்கிறது. சாலையில் எதிரே வருகிற முகம் தெரியாத ஓட்டுநர் தன் பாதையில் ஒழுங்காகப் போகிறார், அதனால் வீட்டுக்குத் திரும்ப முடிகிறது. பாத்திரத்தை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பெரிய யாகம் வேண்டாம். இந்த வாரமே செய்யக்கூடிய மூன்று காரியங்கள் இருக்கின்றன.

சாமான் வாங்கப் போகும்போது, வண்டி ஓட்ட முடியாத பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "ஐயா, உங்களுக்கு ஏதாவது வாங்கி வரணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்கு மட்டும் போகாமல், அந்தப் பக்கம் போகும் சாதாரண நாளிலும் ஒரு துடைப்பத்தோடு போய் வாருங்கள். அங்கே தனியாக இருந்து விளக்கேற்றும் கிழவருக்கு மாலையைவிட மனித முகம் முக்கியம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, கைப்பேசியைக் கொடுத்து வாயை மூடாமல், "இங்கேதான் உன் பாட்டி பால் வெட்டினாங்க" என்று வெளியே கையைக் காட்டுங்கள்.

அந்தப் பேரனுக்குத் தாத்தா என்ன பதில் சொல்லியிருப்பார்? சூடம் அணைந்த பிறகு திருநீற்றைப் பையனின் நெற்றியில் பூசிவிட்டு, இப்படித்தான் சொல்லியிருப்பார்: "கடைக்குத்தான்யா போறோம். கடைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குத்தான்யா இந்தக் கும்பிடு."

திரும்பி வரும் வழியில் அந்தப் பையன், யாரும் சொல்லாமலே, "அம்மா, வண்டிய நிறுத்துங்க" என்று சொன்னால் போதும். பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை என்று பொருள்.